வெள்ளணுக்களின் சாப்பாட்டுக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், தென்காசிக்கும் அருவிக்கும் நடுவில் இருக்கும் மேலகரத்தில் ஈரத் துண்டோடு நடப்பவர்கள் கூடிவிடுவார்கள். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. குளித்துத் திரும்பும் கூட்டத்தில் யாராவது ஒருவர் காலில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு நொண்டி வருவார். ஐந்தருவிப் பாறையில் பிடித்திருக்கும் பாசிக்கு உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் கிடையாது. கிழிந்த குதிகால் வழியாக மண்ணும் பாசியும் கொஞ்சம் பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கும். மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சீழ் கட்டும். பலருக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ‘ஒன்றும் ஆகாது’ என்பதற்குப் பின்னால் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. வெள்ளணுக்கள் கிருமியோடு சண்டை போடுகின்றன என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். சண்டை போடுகிறவன் என்ன சாப்பிட்டான் என்று பாடப்புத்தகம் கேட்பதில்லை. சுமார் 25 வருடமாகத்தான் நோய் எதிர்ப்பு ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்கிறார்கள். கிடைத்த பதில் அவர்களுக்கே வியப்பாக இருந்தது. வெள்ளணு எதை, எந்த வழியில் எரிக்கிறது என்பதே அது என்ன வேலை செய்யப்போகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

முதலில் காயத்துக்கு வந்து சேர்வது நியூட்ரோபில். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளணுக்களின் வகைப் பட்டியலில் பெரும்பாலும் முதல் வரியில் இருப்பது இதுதான். நல்ல உடம்பில் வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல் இந்த வகை. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு கிருமியைக்கூடப் பார்க்காமல் சீக்கிரமே செத்துப்போகும். இவ்வளவு பெரிய காத்திருப்புப் படையை உடம்பு தினமும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

நியூட்ரோபிலுக்குள் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைவு. மற்ற செல்களில் ஆக்சிஜனை வைத்துக் குளுக்கோஸை முழுதாக எரிப்பது அங்கேதான். அப்படி எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சுமார் 30 கிடைக்கும். நியூட்ரோபில் அந்த வழிக்கே போவதில்லை. குளுக்கோஸைப் பாதியில் உடைத்து, 2 ஏடிபி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளிவிடுகிறது. ஊதாரித்தனம் போலத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. கிழிந்த சதையில், சீழ் கட்டிய இடத்தில், ரத்த ஓட்டம் அடைபட்டு ஆக்சிஜன் அற்றுப்போகும். ஆக்சிஜனை நம்பி வாழ்கிற செல் அங்கே போனால் வேலை செய்யாது. நியூட்ரோபிலோ தனக்குள்ளேயே கிளைக்கோஜனாகக் கொஞ்சம் சர்க்கரையைக் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறது.

ஏடிபி என்ற பெயர் வந்துவிட்டதால் கொஞ்சம் சென்னைக்குப் போய் வரவேண்டும். எல்லப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். பள்ளி இறுதித் தேர்வைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாவது முயற்சியில் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சுதேசி இயக்கத்தின் வேகத்தில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்துபோனார்கள். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாத நோய் அது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் மாமனார் கொடுத்த பணத்தோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க 1925-இல் ஒரு முறை கண்டுபிடித்தார். கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். உயிர்வேதியியல் படித்த எவரும் அறிந்த ‘ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை’ இதுதான். இந்தக் கருவி கையில் இருந்ததால் தசைக்குள் பாஸ்பேட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களால் தேட முடிந்தது. 1927-இல் பாஸ்போகிரியாட்டின் அகப்பட்டது. 1929-இல் ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டிருந்தார். எனவே பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் லோமான் பெயரோடு நின்றுவிடுகின்றன. மூன்று பாஸ்பேட்டுகளைத் தொடுத்துக்கொண்டிருக்கும் இந்த மூலக்கூறுதான் உயிருள்ள எல்லா செல்லிலும் புழங்குகிற சக்தி நாணயம். எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கிற ஏடிபி 100 கிராமுக்கு மேல் தேறாது. அதுவே செலவாகி, திரும்ப உருவாகி, ஒரு நாளில் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்குக் கைமாறுகிறது. சுப்பாராவ் இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறை வருவார், இந்தத் தடவை மாத்திரையோடு.

கிழிந்த காலுக்குத் திரும்புவோம். 1933-இல் சிகாகோவில் பால்ட்ரிட்ஜும் ஜெரார்டும் நாயின் வெள்ளணுக்களுக்குப் பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஆக்சிஜனை மளமளவென்று இழுத்தன. விழுங்குகிற வேலைக்குச் சக்தி வேண்டும், அதற்காக மூச்சு வாங்குகிறது என்று நினைப்பதுதானே இயல்பு? 1959-இல் ஸ்பாராவும் கார்னோவ்ஸ்கியும் அந்த நினைப்பைத் தகர்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிறுத்துகிற விஷங்களைக் கொடுத்த பிறகும் வெள்ளணு விழுங்கிக்கொண்டே இருந்தது. குளுக்கோஸ் உடைப்பதைத் தடுத்ததும் விழுங்குவது நின்றுபோனது. சக்தி வந்தது சர்க்கரை உடைப்பில் இருந்து. அப்படியானால் அத்தனை ஆக்சிஜனும் எங்கே போனது?

ஆயுதம் செய்யப் போனது. நியூட்ரோபிலின் சவ்வில் இருக்கும் ஒரு நொதி ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் கொடுத்து சூப்பர் ஆக்சைடாக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அடுத்து மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி, குளோரைடைச் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பேரூராட்சி ஊழியர் ப்ளீச்சிங் பவுடரைக் கரைக்கும்போது கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். மையலோபெராக்சிடேஸின் நிறம் பச்சை. சீழிலும் மூக்குச் சளியிலும் தெரிகிற பச்சை, கிருமியின் நிறம் என்று நினைத்து முகம் சுளிக்கிறோம். பெரும்பாலும் அது செத்துப்போன நம் நியூட்ரோபில்களின் நிறம்.

இந்த ஆயுதத்துக்கான எலக்ட்ரான்களைக் கொண்டுவருவது என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு. அதைச் செய்யவும் குளுக்கோஸ்தான் வேண்டும், ஆனால் வேறு பாதையில். ஆக, ஒரே சர்க்கரையை நியூட்ரோபில் இரண்டாகப் பங்கு பிரிக்கிறது. ஒரு பங்கு நடக்கவும் விழுங்கவும். மறு பங்கு ப்ளீச் காய்ச்ச. எலக்ட்ரான் கொடுக்கும் நொதி பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுடைய வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறையாது, கிருமியை விழுங்கவும் விழுங்கும், கொல்லத்தான் முடியாது. சாதாரண பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தக் குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளும்.

சர்க்கரைதான் எரிபொருள் என்றால் சர்க்கரை நோயாளியின் வெள்ளணு கொழுத்துச் சண்டை போடவேண்டும். நடப்பது நேர்மாறு. பல வருடமாகச் சர்க்கரை கட்டுப்படாத ஒருவருக்கு அதே பாறை அதே இடத்தில் கிழித்தால் அது ஆறாத புண்ணாகலாம். ரத்தக் குழாய் குறுகியிருப்பது, நரம்பு மரத்து வலி தெரியாமல் போவது ஆகியவை பெரிய காரணங்கள். வெள்ளணுவுக்குள்ளும் ஒரு காரணம் உண்டு. குளுக்கோஸ் அளவுக்கு மீறி உள்ளே நுழையும்போது, செல் அதில் கொஞ்சத்தை சார்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரையாக மாற்றுகிறது. அதற்குச் செலவாவது என்ஏடிபிஎச். ஆயுதத்துக்கு வைத்திருந்த சரக்கு, மிதமிஞ்சிய சர்க்கரையைச் சமாளிப்பதிலேயே கரைகிறது. கட்டுப்படாத சர்க்கரையில் நியூட்ரோபில் நகர்வதும் விழுங்குவதும் கொல்வதும் மந்தமாவதைச் சோதனைக்கூடங்களில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்பதும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது.

காசநோய்க் கிருமியோடு நேருக்கு நேர் மோதுவது மேக்ரோபேஜ் என்ற பெரிய வெள்ளணு. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இதனுடையது. அமைதியாக இருக்கும்போது மேக்ரோபேஜ் மைட்டோகாண்ட்ரியாவை வைத்து ஒழுங்காக, சிக்கனமாக வாழும். பாக்டீரியாவின் மேலுறைத் துண்டு ஒன்று பட்டதும் சர்க்கரை உடைப்புக்குத் தாவிவிடும். அத்தோடு, மைட்டோகாண்ட்ரியாவில் ஓடிக்கொண்டிருக்கும் கிரெப்ஸ் சுழற்சியை இரண்டு இடத்தில் தானே அறுத்துவிடும். அறுந்த இடங்களில் பொருள்கள் தேங்கும். பிளஸ் டூ உயிரியலில் நாம் நெட்டுருப் போட்ட சிட்ரேட், சக்சினேட் என்ற அதே பெயர்கள்தான். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட அந்த வட்டத்துக்கு இப்படி ஒரு மறுபிறவி இருக்கும் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அவர்களுக்கும் அப்போது தெரியாது.

தேங்கிய சக்சினேட் ஒரு செய்தியாக வேலை செய்கிறது. ‘ஆக்சிஜன் குறைந்துவிட்டது’ என்று செல்லுக்கு அறிவிக்கும் எச்ஐஎஃப் என்ற புரதத்தைச் சிதையாமல் காப்பாற்றுகிறது. அந்தப் புரதம் காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்பும் இன்டர்லூகின்-1 பீட்டாவை உற்பத்தி செய்யச் சொல்கிறது. டப்ளினில் லூக் ஓ’நீலின் குழு 2013-இல் காட்டியது இதைத்தான். இன்னொரு பக்கம், சிட்ரேட் தேங்கிய வழியிலிருந்து இட்டாக்கோனேட் என்ற அமிலத்தை மேக்ரோபேஜ் தயாரிக்கிறது. கொழுப்பைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்களுக்கு அவசியமான ஒரு நொதியை இது அடைத்துவிடுகிறது. அந்த நொதியை நம்பியிருப்பவற்றில் காசநோய்க் கிருமியும் ஒன்று. அடுப்பாக இருந்த சுழற்சி ஆயுதச் சாலையாகவும் தந்தி அலுவலகமாகவும் மாறிவிட்டது. சக்தி குறைவதைப் பற்றி மேக்ரோபேஜ் கவலைப்படவில்லை.

டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் சிக்கல் வேறு. கிருமி நுழைந்த அன்று அதை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் உடம்பு முழுக்கத் தேடினாலும் சொற்பம்தான். அவை ஒரு வாரத்தில் பல்லாயிரம் மடங்காகப் பெருக வேண்டும். உச்சத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பிரியும். ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ, புரதம், சவ்வு எல்லாமே இரட்டிப்பாக வேண்டும். குளுக்கோஸை முழுதாக எரித்தால் கார்பன் டை ஆக்சைடாகிப் போய்விடும்; கட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சர்க்கரையை விறகாக மட்டும் பார்க்காமல் செங்கல்லாகவும் பார்க்கிறது டி செல். ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையைப் பாதியில் உடைக்கும் இந்தப் பழக்கத்தை ஓட்டோ வார்பர்க் 1920-களில் புற்றுக்கட்டிகளில் கண்டார். அது புற்றுநோய்க்கே உரிய கோளாறு என்று பலகாலம் எண்ணினார்கள். விரைவாகப் பெருகவேண்டிய நல்ல செல்லும் அதையேதான் செய்கிறது.

சண்டை முடிந்ததும் பெரும்பாலான டி செல்கள் மடியும். நினைவுக்காகச் சில மட்டும் வருடக்கணக்கில் தங்கும். அவை மறுபடி மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திரும்பி, கொழுப்பை மெதுவாக எரித்து வாழ்கின்றன. 2009-இல் எரிக்கா பியர்ஸ் முதலியோர் எலிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தபோது அவற்றின் நினைவு டி செல்கள் கூடின. தடுப்பூசியும் நன்றாகப் பிடித்தது. நம் ஊரில் காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிற அதே சுகர் மாத்திரைதான். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனால் செல்லின் எரிபொருளை மாற்றினால் அதன் நினைவையே மாற்றலாம் என்று அந்தச் சோதனை காட்டியது.

சுப்பாராவ் இப்போது திரும்பி வருகிறார். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனவர், ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்தானது அதே ஃபோலிக் அமிலம். டிஎன்ஏ செய்ய அது இன்றியமையாதது. அதைப் போலவே இருந்து, அதன் வேலையைக் கெடுக்கும் போலி மூலக்கூறுகளையும் அந்தக் குழு செய்தது. அமினோப்டெரின் அதில் ஒன்று. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், வெள்ளணுக்களே புற்றாகிப் பெருகும் லுகேமியா நோயுள்ள 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. நிலைக்கவில்லை என்றாலும் லுகேமியா மருந்துக்குப் பணியும் என்று உலகம் முதன்முதலாகக் கண்டது 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரையில்தான். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்று முடக்குவாத நோயாளிகள் வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்கும் மாத்திரை. (தினமும் போட்டுக்கொண்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு என்பதால் அந்த ‘ஒரே ஒரு நாள்’ என்பதை மருத்துவர்கள் அழுத்திச் சொல்வார்கள்.) முடக்குவாதத்தில் வெள்ளணுக்கள் நம் மூட்டையே பகையாக நினைத்துத் தாக்குகின்றன. குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் அவற்றைக் கொல்லாமலே எப்படி அடக்குகிறது என்று வெகுநாள் புரியவில்லை. விளக்கங்களில் வலுவானது இது: மருந்து செல்லுக்குள் ஒரு வேதிப் பாதையை அடைக்கிறது, அதன் விளைவாக செல்லுக்கு வெளியே அடினோசின் கூடுகிறது. ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அடினோசின்தான். செல் உடைந்து ஏடிபி வெளியே கொட்டினால் வெள்ளணுக்கள் அதை அபாய மணியாகக் கேட்கின்றன. அந்த ஏடிபி தேய்ந்து அடினோசின் ஆனதும் ‘போதும்’ என்று அடங்குகின்றன. ஒரே மனிதரின் மேசையில் இருபது வருட இடைவெளியில் உருவான இரண்டு கண்டுபிடிப்புகள், அவர் போன பிறகு மூட்டுவலிக்காரரின் முழங்காலில் சந்தித்துக்கொண்டன.

இத்தனை செலவுக்கும் உடம்பு எங்கிருந்து எடுக்கிறது? உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் மொத்தச் சக்திச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடும். அதே சமயம் காய்ச்சல்காரருக்கு வாய் கசக்கும், சோற்றைக் கண்டாலே குமட்டும். வரவு நின்று செலவு கூடுகிற நேரத்தில் உடம்பு கையிருப்பை உடைக்கிறது. கார்ட்டிசோலும் அட்ரினலினும் கல்லீரலைச் சர்க்கரை கொடுக்க வைக்கும். தசை இன்சுலினுக்குக் காது கொடுக்காமல் ஒதுங்கும். சர்க்கரையின் பெரும்பங்கு வெள்ளணுக்களுக்கும் மூளைக்கும் போகும். ‘ஒண்ணுமே சாப்பிடலை, சுகர் எப்படி ஏறுச்சு?’ என்று காய்ச்சலில் படுத்த சர்க்கரை நோயாளிகள் கேட்பதற்கு விடை இதுதான். தசைப் புரதமும் உடைந்து, டி செல் போன்ற லிம்போசைட்டுகள் விரும்பித் தின்னும் குளூட்டமின் ரத்தத்தில் சேரும். நீண்ட காய்ச்சலில் இருந்து எழுந்தவரின் தோளும் தொடையும் வற்றிப்போவது இதனால்.

பட்டினி கிடப்பது நல்லதா? ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பார்கள் பெரியவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்சிடோவின் குழு 2016-இல் எலிகளில் சோதித்தது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு வலுக்கட்டாயமாக உணவு கொடுத்தால் அதிகம் செத்தன. ஃப்ளூ வைரஸ் தொற்றியவையோ உணவு கொடுத்தால் பிழைத்தன. வித்தியாசத்தை உண்டாக்கியது குளுக்கோஸ். அது கிருமியின் எண்ணிக்கையைவிட, நம் திசுக்கள் சேதத்தைத் தாங்கும் திறனைத்தான் மாற்றியது. ஆகவே பழமொழி பாதி சரி. வந்திருப்பது எந்தக் காய்ச்சல் என்று தெரியாத வீட்டில், நொய்யரிசிக் கஞ்சியும் நிறையத் தண்ணீரும்தான் என் கட்சி. ஓரிரு நாள் பசியின்மையும் வருடக்கணக்கான பசியும் வேறு வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நெடுநாள் பசியில் என்ன ஆகிறது என்பதற்கு 1998-இல் ஒரு தடயம் கிடைத்தது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; உடம்பில் சேமிப்பு எவ்வளவு என்று அது சொல்லும். கிரகாம் லார்டு முதலியோர் பட்டினி போட்ட எலிகளின் டி செல்கள் சோர்ந்துபோவதையும், உணவு கொடுக்காமல் லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தாலே அவை மீள்வதையும் கண்டார்கள். அதாவது கையில் காசில்லை என்று தெரிந்தால் உடம்பு படையைத் தானே கலைக்கிறது.

இது மனிதர்களிடம் எவ்வளவு உண்மை என்பதை ஜார்க்கண்டில் பார்த்தார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. காசநோயாளிகளின் வீட்டில் வாழும் 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் நோயாளியோடு சேர்ந்து மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. பரிசோதனையில் கிருமி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளிடமும் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்கள் இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைந்திருந்தது. நொடிப்பொழுதில் சர்க்கரையை உடைக்கும் மேக்ரோபேஜும், செங்கல் தேடும் டி செல்லும் அந்த அரிசி பருப்பைத்தான் தின்றிருக்கும்.

தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ இந்தக் கணக்கைச் சிகிச்சையின் முதல் நாளுக்கே கொண்டுவந்துவிட்டது. காசநோய் என்று தெரிந்ததும் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்க்கிறார்கள். பிறர் துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். உடல் நிறை குறியீட்டெண் 14-ஐக்கூடத் தாண்டாதவரை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்த்து, காசநோய் மாத்திரையோடு உணவையும் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள்.